மூலை கறுத்த உறை

ஏப்ரல் மூன்றாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் வான்மதி தன் தபால் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். எதையும் தொடாமல் திரும்பப் பூட்டிவிட்டு, தொட்டவள் மாதிரிக் கையை உடையில் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

அலமீடா தீவில் அவள் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாகப் பன்னிரண்டு தகரப் பெட்டிகள். ஏழாவது அவளுடையது. அன்றைக்கு அதில் டெலிபோன் பில்லும் பீட்சாக் கடை விளம்பரமும் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு வெள்ளை உறை. தபால்தலை ஒட்டவேண்டிய இடத்தில் 'ஃப்ரீ மெயில்' என்று பேனாவால் எழுதியிருந்தது. வளைகுடாப் போருக்குப் போனவர்கள் எழுதும் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம். ஆகவே அது அவளுடைய கடிதச் சினேகிதி டெனீஸின் கப்பலிலிருந்துதான் வந்திருந்தது. இதற்கு முன் அங்கிருந்து நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கையும் வான்மதி படியேறும்போதே பிரித்து, மாடிக்குப் போவதற்குள் ஒருமுறை படித்து முடித்திருக்கிறாள்.

இந்த ஐந்தாவதின் வலது கீழ்மூலை கறுத்திருந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு, அப்பிவிட்டது போன்ற கறுப்பு. முகவரியும் டெனீஸின் சாய்ந்த கையெழுத்தில் இல்லை. யாரோ அலுவலகக்காரர்கள் எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பெரிதாக, நிமிர்ந்து நின்றது.

டெனீஸை அவள் பார்த்ததில்லை. போன வருடம் ஆகஸ்டில், சான் ஹோசேயில் மணியன் அங்கிள் நடத்தும் சிறிய கம்பெனி மூலம் வான்மதி அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்தாள். ஓக்லாந்தில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எழுதப்படிக்கத் தெரிந்த ஆங்கிலம் பேசுவதற்குப் போதவில்லை என்று அவளுக்கே ஒரு சந்தேகம். அதனால் செவ்வாய், வியாழன் மாலைகளில் கல்லூரி ஒன்றின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். நவம்பரில் ஒரு நாள் ஆசிரியை எல்லோருக்கும் ஒரு முகவரியைக் கொடுத்தார். 'எந்தப் படைவீரருக்கும்' என்று உறையில் எழுதிப் போட்டால் போதும், அங்கே யார் கைக்காவது போய்ச் சேரும். கடிதப் பயிற்சிக்குப் பயிற்சியும் ஆயிற்று, தனியாக இருப்பவர்களுக்கு ஆறுதலும் ஆயிற்று என்றார்.

வான்மதி நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினாள். முதல் வரியாக, முன்பு அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் பழகியதையே ஆங்கிலத்தில் எழுதினாள். இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, தேவையில்லை என்று ஓரத்தில் குறித்தார். படி எடுக்கும்போது வான்மதி வெகுநேரம் யோசித்தாள். அந்த வரி இல்லாத கடிதம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைவது போல இருந்தது. வெட்டிய வரியைச் சேர்த்தே அனுப்பிவிட்டாள்.

ஜனவரியில் பதில் வந்தது. 'எங்கள் கப்பலுக்கு ஒரு மூட்டைக் கடிதம் வந்தது. எல்லோரும் என்னை வீராங்கனை என்கிறார்கள். நான் நலமா என்று கேட்டவள் நீ ஒருத்திதான். நான் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். நானூறு பேருடைய துணி. போர்க்கப்பல்களுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோகும் கப்பல் இது, அலமீடாதான் எங்கள் துறைமுகம். உன் முகவரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நாங்கள் கட்டி நிற்கும் இடத்திலிருந்து உன் வீட்டுக்கு நடந்தே வரலாம்.'

டெனீஸுக்கு வயது இருபத்தொன்று. ஸ்டாக்டன் பக்கத்துப் பெண். சொந்தமென்று யாரும் இல்லை, வளர்த்த வீடுகள் மட்டும் நாலைந்து. மூன்றாவது கடிதத்தில் போகிற போக்கில் இப்படி எழுதியிருந்தாள். 'போன பயணம் முடிந்து வந்தபோது துறைமேடை முழுக்கக் கூட்டம். எல்லோரையும் யாரோ கட்டிப்பிடித்தார்கள். நானும் கூட்டத்தில் யாரையோ தேடுவது போலப் பத்து நிமிஷம் நடித்தேன். அப்புறம் பஸ் ஏறினேன்.'

அந்த வரியைப் படித்த அன்று வான்மதி வகுப்புக்குப் போகவில்லை. ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மணியன் அங்கிள் கார் நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை அவளும் அப்படித்தான் நடித்தாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் 'போனது', வலப்பக்கம் 'வந்தது'. கடிதங்களின் தேதி மட்டும் எழுதுவாள். முதல் பக்கத்தில் கப்பலின் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்து வைத்திருந்தாள். பிப்ரவரியில், வளைகுடாவில் கப்பல்கள் கண்ணிவெடியில் மோதின என்று டிவியில் சொன்ன இரவு அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த எண் செய்தியில் வரவில்லை. மாதக் கடைசியில் போர் முடிந்தது. நான்காவது கடிதம் வந்தது. பிறகு ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை. இப்போது இது.

வியாழக்கிழமை இரவு, வகுப்பு முடிந்து வந்த பிறகு, மரகதம் ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. மணியன் அங்கிளின் மனைவி, கோபிச்செட்டிபாளையத்துக்காரர்.

"சாப்டியா கண்ணு?"

"சாப்ட்டேனுங்க ஆன்ட்டி. ஒரு டவுட்டு."

"சொல்லு."

"ஒரு லெட்டர் வந்திருக்குது. மூலையில கருப்பா இருக்குதுங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"ஊர்லயிருந்தா?"

"இல்லைங்க. அந்த நேவிப் பொண்ணு, சொன்னேன்ல."

"லாண்டரில வேலை பாக்கறவளா? அய்யோ சாமி. வீட்டுக்குள்ள எடுத்தாந்துட்டியா?"

"இல்லைங்க. மெயில் பாக்ஸ்லயே விட்டுட்டேன்."

"நல்லவேளை. எடுத்தாராத. நல்லதுக்கு மஞ்சள், கெட்டதுக்குக் கருப்பு. படிச்சுட்டு அங்கயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்."

பின்னாலிருந்து மணியன் அங்கிளின் குரல் கேட்டது. "ஏன்டி, அமெரிக்கன் நேவிக்குக் கோபிச்செட்டிபாளையத்துச் சாங்கியத்த யாரு சொல்லிக் குடுத்தா? பென்டகன்ல மை தடவறதுக்குன்னு ஒரு டிபார்ட்மென்ட் வெச்சு நடத்தறானா?"

"நீங்க சும்மாருங்க. ஊரெல்லாம் மரத்துக்கு மரம் மஞ்ச ரிப்பன் கட்டிவெச்சிருக்கறாங்களே, அது யாரு சொல்லிக் குடுத்தாங்களாம்? போனவங்க நல்லபடியா வரோணும்னுதான? மஞ்சளுக்கு அதே அர்த்தம், கருப்புக்கு மட்டும் வேறயாக்கும்?"

அங்கிள் போனை வாங்கினார். "வான்மதி, பேனா லீக் ஆயிருக்கும்மா. போய் ஓப்பன் பண்ணிப் பாத்துட்டு எனக்கு கால் பண்ணு. ரெண்டு நிமிஷ வேலை."

"சரிங்க அங்கிள்."

ஆன்ட்டி திரும்ப வாங்கிக் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை லிவர்மோர் கோயிலுக்கு டிரைவ் பண்றோம். வந்து உன்னைப் பிக்கப் பண்ணிக்கறேன். சாமி கும்பிட்டுட்டு வந்து பிரி. அதுவரைக்கும் அது கெடந்த எடத்துலயே கெடக்கட்டும்."

வான்மதி ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிள் சொன்னதுதான் சரி என்று அவள் படிப்பு சொல்லிற்று. ஆனால் மஞ்சளைப் பற்றி ஆன்ட்டி கேட்ட கேள்வியை அவளும் புதன்கிழமையே தனக்குள் கேட்டு முடித்திருந்தாள். ஜனவரியிலிருந்து அவள் பஸ் போகும் தெரு முழுக்க மஞ்சள் ரிப்பன். முதல்முறை பார்த்தபோது, இந்த ஊரில் தனக்குச் சொல்லித் தராமலே புரிந்த ஒரே விஷயம் இது என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது, இரண்டாம் வருடம், அவளுக்கு ஒரு கார்டு வந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு. அது தபால் தட்டில் இரண்டு நாள் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த இரண்டு நாளில் அவள் சினேகிதிகளோடு சினிமாவுக்குப் போனாள்; வளையல் வாங்கினாள்; வார்டனைப் போல நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கார்டைப் படித்தபோது அப்பாவின் காரியமெல்லாம் முடிந்திருந்தது. வார்டன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். தேதிப்படி அப்பா ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டார். ஆனால் வான்மதியின் கணக்கில் அவர் வியாழன் காலை வரை, அந்தக் கார்டைப் புரட்டும்வரை, இருந்தார்.

உறையைப் பிரிக்கவில்லை என்றால் டெனீஸ் இன்னும் சலவை அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை ஆன்ட்டியோடு கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைச் சீட்டில் யார் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டபோது டெனீஸ் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தன் பெயரையே சொன்னாள். திரும்பிவரும்போது, மலை தாண்டியதும், இறங்கியவுடன் பிரித்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டாள். சாவி வரை எடுத்தாள். பெட்டியின் துவாரம் வழியாக அந்த வெள்ளை தெரிந்தது. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை, தபால்காரர் பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். பெட்டி நிரம்பிவிட்டது, தயவுசெய்து காலி செய்யவும். அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி. அவள் அலுவலகம் பன்னிரண்டாவது மாடியில் இருந்தது. மேற்குப் பக்க ஜன்னலோரத்தில் ஒரு பைனாகுலர் எப்போதும் இருக்கும். நிறுவனத்தின் சொந்தக் கப்பல்கள் வருவதைப் பார்ப்பதற்காக. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"வான், இங்க வந்து பாரு!" என்று பக்கத்து மேஜை லிண்டா கூப்பிட்டாள். "நேவி ஷிப். வீட்டுக்கு வந்துட்டாங்க."

விரிகுடாவில் ஒரு சாம்பல் நிறக் கப்பல் மெதுவாக வந்துகொண்டிருந்தது. தீயணைப்புப் படகு ஒன்று முன்னால் போய் வானத்தை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. கப்பலின் விளிம்பு நெடுக, ஒரு கை இடைவெளி விட்டு, ஆட்கள் அசையாமல் நின்றார்கள். பைனாகுலர் கைமாறி அவளிடம் வந்தது. முகப்பில் இருந்த எண்ணை ஒருமுறைதான் பார்த்தாள். நோட்டைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

பிறகு விளிம்பில் நின்றவர்களை ஒரு முனையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அவ்வளவு தூரத்துக்கு முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் டெனீஸின் முகம் அவளுக்குத் தெரியாது. நாற்பதுவரை எண்ணினாள். அவர்களில் ஒருத்தி அவள்தானா, அல்லது நடுவில் தெரியும் இடைவெளிகளில் ஒன்றுதான் அவளுடைய இடமா என்று நினைத்ததும் எண்ணுவதை நிறுத்தினாள். பைனாகுலரை லிண்டாவிடம் கொடுத்துவிட்டாள்.

"அழறியா?" என்றாள் லிண்டா. "யாராச்சும் தெரிஞ்சவங்களா? தெரிஞ்சவங்கன்னா போ. இன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இல்ல," என்றாள் வான்மதி. "தெரியாது."

அப்போதே கிளம்பியிருக்கலாம். கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டினால் தீவு. பஸ்ஸில் இருபது நிமிஷம். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த நிரலை முதல் வரியிலிருந்து சரிபார்த்தாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். நாலு மணிக்குத் தன் காபிக் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து அடித்ததும்தான் எழுந்தாள்.

பெட்டியைத் திறந்தபோது விளம்பரங்கள் சரிந்து விழுந்தன. அவள் உறையை மட்டும் எடுத்து, படிக்கட்டில் ஏறாமல், தெருவோரம் போய் நின்று பிரித்தாள். கறுப்பு விரலில் ஒட்டியது. மை இல்லை. பிசுபிசுத்தது. முகர்ந்தாள். இயந்திர எண்ணெயின் வாசம்.

உள்ளே டெனீஸின் சாய்ந்த கையெழுத்து.

'வான்மதி, உறை அழுக்காகியிருந்தால் மன்னித்துவிடு. என்னைச் சலவை அறையிலிருந்து இயந்திர அறைக்கு மாற்றிவிட்டார்கள். நானூறு பேர் துணியை வெளுத்தவளுக்கு இப்போது தன் கை வெளுக்கவில்லை. என் கிறுக்கலைப் பார்த்துத் தபால் அறையில் திட்டினார்கள், அதனால் மேலே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நலமாக இருக்கிறேன். உன் நலம் அறிய ஆவல். ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அலமீடாவுக்கு வந்துவிடுவோம் என்கிறார்கள். வரவேற்க வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே கொடுத்தால்தான் வாசலில் உள்ளே விடுவார்கள். ஆளுக்கு நாலு பெயர் கொடுக்கலாம். நான் ஒன்று கொடுத்தேன். உனக்கு என்னை அடையாளம் தெரியாது என்பதால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை நடிக்க வேண்டியிருக்காது.'

வான்மதி தெருவோரத்திலேயே ஒருமுறை படித்தாள். பிறகு ஓடினாள். அவள் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. நாயோடு நடந்து வந்த கிழவர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கடற்படைத் தளத்தின் வாசலில் கம்பிக் கதவுக்கு இருபுறமும் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். புல்லில் ஒரு பலூன் உடைந்து கிடந்தது. காவல் கூண்டில் மரைன் படைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். அவள் வயதே இருக்கும்.

"என் பேர் லிஸ்ட்ல இருக்கணும்," என்றாள், மூச்சு வாங்க. பெயரைச் சொன்னாள்.

"எல்லாரும் வந்துட்டுப் போயாச்சே மேடம்," என்றான் அவன். ஆனாலும் அட்டையில் செருகியிருந்த தாள்களைப் புரட்டினான். பக்கம் பக்கமாகப் பெயர்கள். வந்தவர்கள் பெயர்மேல் கோடு. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் விரலை நிறுத்தினான். "ஓ. இது நீங்கதானா? இந்தப் பேரை எப்படிச் சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியல."

"அவ இருக்காளா?"

"ஒரு பொண்ணு மூணு தடவை வந்து இந்தப் பேருக்குக் கோடு போட்டாச்சான்னு பாத்துட்டுப் போனா. கடைசியா நாலு மணிக்கு வந்தா, பையோட. தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு அதோ அங்க நின்னா. யூனிஃபார்ம்ல வெறுந்தலையா நிக்கக் கூடாது, போட்டுக்கன்னு சொன்னேன். இன்னும் அஞ்சே நிமிஷம்னா." அவன் குரல் தணிந்தது. "அரை மணி விட்டேன். அப்புறம் அவளாவே போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டா."

"எங்க?"

"சொல்லல. ஒரு மாசம் லீவு. மே மாசம் கப்பலுக்கு வந்துடுவா."

கதவுக்கு அந்தப் பக்கம் நேராக ஒரு சாலை போயிற்று. அதன் முடிவில், கட்டடங்களுக்கு மேலே, சாம்பல் நிறப் பாய்மரக் கம்பங்கள் போல எதுவோ தெரிந்தது. கப்பல் அங்கேதான் நின்றது.

"உள்ள போய்ப் பாக்கறீங்களா? லிஸ்ட்ல பேர் இருக்கு. ஏழு வரைக்கும் விடலாம்."

"வேண்டாம்," என்றாள். "லெட்டர் ஒண்ணு குடுத்தா கப்பலுக்குப் போய்ச் சேருமா?"

"காலையில அனுப்பிடறேன். லீவு முடிஞ்சு வந்து எடுத்துக்குவா."

அவன் ஏதோ படிவத்தின் பின்பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்தான். கூண்டின் விளிம்பில் தாளை வைத்து வான்மதி வெகுநேரம் நின்றாள். கறுப்பு மூலையைப் பற்றி எழுதவேண்டும். அப்பாவின் கார்டைப் பற்றி எழுதாமல் அது புரியாது. காலை பத்து மணிக்கே பைனாகுலரில் பார்த்ததையும், நாலு மணிக்குக் கோப்பை கழுவியதையும் மறைத்து எழுதினால் அது பொய். எல்லாவற்றையும் எழுத அந்தத் தாள் போதாது. பழக்கப்பட்ட முதல் வரிக்குப் போனாள். 'இங்கு நான்' என்று எழுதியவள் அதை அடித்துவிட்டு, அடுத்த பாதியை மட்டும் எழுதினாள். உன் நலம் அறிய ஆவல். கீழே, ஆறு இருபதுக்கு வந்தேன், உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன், தப்பு முழுக்க என்னுடையது, மே மாதம் விவரமாகச் சொல்கிறேன் என்று எழுதி, தன் டெலிபோன் எண்ணையும் போட்டு நாலாக மடித்தாள்.

காவலன் அதை வாங்கி மேல்சட்டைப் பையில் வைத்தான்.

"அந்தப் பேருக்கும் கோடு போட்டுடுங்க," என்றாள் வான்மதி.

"மேடம், கப்பல் வந்து எட்டு மணி நேரமாச்சு."

"வந்துட்டேன்ல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, பெயர்மேல் நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நேரத்தை எழுதினான்.

திரும்பி நடக்கும்போது வகுப்பு தொடங்கும் நேரம் நெருங்கியிருந்தது. அவள் போகவில்லை. தபால் பெட்டியின் கீழே சரிந்து கிடந்த விளம்பரங்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். கடிதத்தைக் கிழிக்கவில்லை. உறையோடு வீட்டுக்குள் எடுத்துப் போய், மற்ற நான்கின் மேல் வைத்தாள்.

மரகதம் ஆன்ட்டிக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்து, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். நோட்டை எடுத்தாள். 'வந்தது' என்ற பக்கத்தில், வலது ஓரமாக, அடிக்கோலை வைத்து மேலிருந்து கீழே புதிதாக ஒரு கோடு போட்டாள். அதன் தலையில் 'பிரித்தது' என்று எழுதினாள். முதல் நான்கு வரிகளில் பக்கத்திலிருந்த தேதியையே திரும்ப எழுதினாள். ஐந்தாவது வரிக்கு வந்ததும் வந்தது என்பதில் ஏப்ரல் மூன்று என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதும்போது, விரலில் இருந்த எண்ணெய் தாளில் பட்டது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை.